பேரேட்டிலிருந்து கணினிக்கு: தீவகத்தார் கடைக் கணக்கின் கதை

யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள எங்கள் கரம்பொன் மண்ணுக்கு ஒரு குடும்பத்தை முழுக்கத் தாங்கும் வலு என்றைக்கும் இருந்ததில்லை. மாரி மழையை நம்பிய ஒரு போக நெல், பனை, நல்ல தண்ணீர் கண்ட கிணற்றடியில் கொஞ்சம் புகையிலை, மற்றது கடல். ஊர்காவற்றுறையில் தோணிகள் வந்துபோன காலத்தில் துறைமுக வேலையும் இருந்தது. அது போதாமல் ஆண்கள் தெற்கே கடைகளுக்குப் போனார்கள். கொழும்பு, கண்டி, பதுளை, குருநாகல், காலி என்று ரயில் போன இடமெல்லாம் தீவகத்தாரின் கடை இருந்தது. சுருட்டுக்கடை, சைவச் சாப்பாட்டுக்கடை, பலசரக்கு மொத்த வியாபாரம். புங்குடுதீவார், வேலணையார், நயினாதீவார், காரைநகரார், எங்கள் கரம்பொன், நாரந்தனை ஆட்கள்.

இந்தக் கடைகளைப் பற்றி நினைவு மலர்களிலும் கோயில் மலர்களிலும் நிறைய எழுதியிருக்கிறார்கள். முதலாளிமாரின் கொடை, அவர்கள் கட்டிய மடம், பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்த காணி எல்லாம் அவற்றில் உண்டு. கடைக்குள் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. என் அப்பா கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையின் கணக்கப்பிள்ளை. நானும் கணக்கே படித்து, கணக்கு வேலையே செய்து ஓய்வு பெற்றவள். கொழும்பில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கையெழுத்துக் கணக்கை முழுதாக மென்பொருளுக்கு மாற்றும் வேலையை முன்நின்று செய்தேன். அது இன்றைக்கும் ஓடுகிறது. பல இடங்களில் இலட்சக் கணக்கில் செலவழித்தும் சரிவராத வேலை அங்கே எப்படிச் சரிவந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: அப்பா காலத்துப் பேரேட்டை எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது.

எங்கள் தீவுகளுக்குக் கொம்பனிக் கணக்கு புதிதுமல்ல. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், 1602இல் தொடங்கிய ஒரு வர்த்தகக் கொம்பனியின் சம்பளக்காரராகத்தான் வந்தார்கள். அந்தக் கொம்பனியின் சபைகள் தாய்நாட்டில் ஆறு நகரங்களில் இருந்தன. அவற்றில் பலவற்றின் பெயர்கள் எங்கள் கடலுக்கு வந்து சேர்ந்தன. நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது, காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹூர்ன். எங்கள் தீவுக்கு லைடன் என்று வைத்தார்கள். அவர்கள் எழுதிவைத்த தோம்புகளில் காணி யாருடையது, பரப்பு எவ்வளவு, நிற்கும் மரங்கள் என்ன, யார் என்ன வரியும் ஊழியமும் கொடுக்கவேண்டும் என்று குடும்பம் குடும்பமாகப் பதிவு இருக்கிறது. ஊர்க் கணக்கர் பக்கத்தில் இருந்து சொல்லாமல் எந்த ஒல்லாந்த எழுத்தனும் கரம்பொன்னில் எந்த வளவு யாருடையது என்று எழுதியிருக்க முடியாது. புதிய ஏடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குள் போகும் விபரம் பழைய ஆளின் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

அப்பாவின் கடைக்கு வருகிறேன். விற்பனை நடக்கும்போது பென்சிலால் சிட்டையில் விழும். இரவு கடை பூட்டிய பிறகு அது மையில் நாளேட்டுக்கு ஏறும். நாளேட்டிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். சாமான் வரவு செலவுக்குத் தனியாக இருப்புக் கொப்பி. பேரேட்டில் ஒவ்வொரு வாடிக்கைக் கடைக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஆளின் பெயருக்கு முன்னால் ஊர் இருக்கும்: பண்டாரவளை, வெலிமடை, மாத்தளை, பலாங்கொடை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம். ஊரோடு சேர்த்தால் குழப்பம் இல்லை. அளவெல்லாம் அந்தரும் இறாத்தலும்.

இரவுக் கணக்கு எழுதும் முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் கொழும்பு போனால் கடைக்கு மேல்மாடியில்தான் தங்குவோம். கடைப் பெடியன் ஒருவன் சிட்டையை உரத்து வாசிப்பான். அப்பா எழுதுவார். பங்காளி ஒருவர் எதிரே இருந்து ஒவ்வொரு வரியாகக் கோடு இழுத்துக்கொண்டு போவார். வாசிக்கிறவன் எழுதமாட்டான். எழுதுகிறவர் காசில் கை வைக்கமாட்டார். காசுப்பெட்டியை எண்ணுவது பங்காளி. எண்ணிய தொகையும் நாளேட்டின் மீதியும் ஒத்து வந்த பிறகுதான் எல்லோருக்கும் சோறு. ஐம்பது சதம் இடித்தாலும் சிட்டை முதலிலிருந்து திரும்ப வாசிக்கப்படும். ஒரு முறை நான் அலுப்பில், "ஐம்பது சதம்தானே அப்பா" என்று சொன்னேன். "ஐம்பது சதம் பிழையெண்டால் ஐந்நூறு ரூபா ஒருபக்கம் கூடி, நானூற்றித் தொண்ணூற்றொன்பதரை ரூபா மற்றப்பக்கம் குறைஞ்சிருக்கலாம் பிள்ளை. மிச்சம்தான் ஐம்பது சதம்" என்றார். பிறகு கணக்காய்வுப் பாடத்தில் உள்ளகக் கட்டுப்பாடு என்ற அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இருக்கவில்லை.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் பங்கு. கடை மூன்று பேருடையது. ஒருவர் கடையில் நிற்கும்போது இன்னொருவர் ஊரில் நிற்பார்; முறை மாறி மாறி வரும். ஊரில் நிற்பவர் கடையைக் கண்ணால் காணமாட்டார். ஆகவே மாதம் முடிய அப்பா கரம்பொன்னுக்கு ஒரு கடிதம் எழுதுவார். சுகம் விசாரிக்கும் இரண்டு வரிக்குப் பிறகு முழுக்கக் கணக்கு: மாத விற்பனை, கொள்முதல், கைக்காசு, பாங்க் மீதி, சாமான் இருப்பு, கடைசியில் ஊர் ஊராக வெளியே நிற்கும் நிலுவை. ஊரில் நிற்கும் பங்காளி முந்திய மாதக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். வெலிமடை நிலுவை இரண்டு மாதமாக ஏறுது, சாமான் போடுறதைக் கொஞ்சம் குறையுங்கோ என்று பதில் வரும். இன்றைக்கு மேலாளர்கள் திரையில் பார்க்கும் அறிக்கை இதைவிட வேகமாக வருகிறது. அதில் வரவேண்டிய விடயங்கள் இவைதான்.

சித்திரை வருடப்பிறப்பில் புதுக்கணக்கு. புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். அதற்கு முந்திய கிழமை முழுவதும் சாமான் நிறுவை நடக்கும். பழைய நிலுவை ஒவ்வொன்றும் புதுக் கொப்பிக்குக் கொண்டுவரப்படும்போது பங்காளிகள் மூவரும் இருப்பார்கள். இனி வராது என்று மூவரும் ஒத்துக்கொண்ட கடன் பழைய கொப்பியிலேயே நின்றுவிடும். வருடத்துக்கு ஒரு தடவை கணக்கைக் கழுவித் துடைக்கும் இந்த வழக்கம் செட்டியார் தெரு நகரத்தாரிடம் பணம் வாங்கித் தொழில் செய்த காலத்திலிருந்து வந்தது என்று அப்பா சொல்வார். ஐந்தொகை போடுவதும், வட்டியை நாட்கணக்கில் பார்ப்பதும் அங்கே பழகியதுதானாம்.

1958, 1977, 1983. தமிழருக்கு எதிரான கலவரங்கள் நடந்த இந்த வருடங்களைத் தீவகத்துக் கடைக்காரர் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1983 யூலையில் புறக்கோட்டை எரிந்தபோது எங்கள் கடையும் எரிந்தது. சாமான் போனது கண்ணுக்குத் தெரிந்த நட்டம். அதைவிடப் பெரியது பேரேடு போனது. மொத்த வியாபாரத்தில் போட்ட முதலில் பெரும்பகுதி எப்போதும் வெளியூர்க் கடைகளில் கடனாகத்தான் நிற்கும். எரிந்த கட்டடத்துக்குச் சுவராவது சாட்சி சொல்லும். கடனுக்கு எழுத்து மட்டும்தான் சாட்சி.

அப்பா அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து கரம்பொன் சேர்ந்த பிறகு, ஊரில் நின்ற பங்காளி வீட்டிலிருந்து கடிதக் கட்டைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து ஊர் ஊராக நிலுவையை எடுத்து எழுதினார்கள். நான்தான் கூட்டிக் கொடுத்தேன். கடைசிக் கடிதம் யூன் மாதக் கணக்கு. யூலையில் கொடுத்த கடன் எதிலும் இல்லை. அது முழுக்கப் போய்விட்டது. யூன் வரைக்கும் நின்ற தொகையைக் காட்டி எல்லோருக்கும் கடிதம் போட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் கடையும் எரிந்திருந்தது. ஆனாலும் சிலரிடமிருந்து பணம் வந்தது. பலாங்கொடைப் பக்கத்துச் சிங்களக் கடைக்காரர் ஒருவர், கடிதத்தில் இருந்த தொகை சரி என்றும், யூலையில் வாங்கியதும் இருக்கிறது என்றும் தானாகவே எழுதி, அதையும் சேர்த்து அனுப்பினார். அவருடைய நேர்மையை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வோம்.

1990இல் தீவகத்தை விட்டுச் சனம் எழும்பியபோது அந்தக் கடிதக் கட்டு கரம்பொன் வீட்டிலேயே நின்றது. திரும்பிப் போனபோது வீட்டில் கூரையும் இல்லை, உள்ளே ஒரு கடுதாசியும் இல்லை.

இதே கணக்கு வேலையின் இன்னொரு வரலாறு லண்டனில் நடந்தது, அதுவும் ஒரு தேநீர்க்கடைக் கொம்பனியில். ஜே. லயன்ஸ் என்ற கொம்பனி 1894இல் பிக்காடிலியில் முதல் தேநீர்க்கடையைத் திறந்து, பிறகு நகரமெங்கும் கடைகள் போட்டது. ஒரு கோப்பை தேத்தண்ணியிலும் ஒரு பணிசிலும் வரும் இலாபம் மிகச் சிறியது. நாளொன்றுக்கு விற்பதோ மலையளவு. அந்தச் சில்லறை இலாபத்தைக் கணக்கில் பிடிக்கவே பெரும் எழுத்தர் படை வேண்டியிருந்தது. 1923இல் ஜோன் சிமன்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் கணிதப் பட்டதாரி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவரும் அவருடைய ஆட்களும் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே ஒவ்வொரு எழுத்தரின் மேசைக்கும் போய், இந்தத் தாள் எதற்கு, யார் பார்க்கிறார், பார்க்காவிட்டால் என்ன நட்டம் என்று கேட்டுக் கேட்டு வேலையைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். அதற்கென்றே ஒரு ஆராய்ச்சிப் பகுதி இருந்தது.

1947இல் லயன்ஸின் இரண்டு அலுவலர்கள் அமெரிக்கா போய் அங்கே கட்டப்பட்ட கணினிகளைப் பற்றி விசாரித்தார்கள். உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜில் மொரிஸ் வில்க்ஸ் ஒன்று கட்டுகிறாரே என்று அங்கே சொன்னார்கள். லயன்ஸ் வில்க்ஸுக்கு 3,000 பவுண் கொடுத்தது, ஒரு ஆளையும் உதவிக்கு அனுப்பியது. 1949இல் கேம்பிரிட்ஜ் கணினி வேலை செய்யத் தொடங்க, லயன்ஸ் தனக்கென்று ஒன்றைக் கட்டியது. லியோ என்று பெயர். ஏறத்தாழ 6,000 வால்வுகள், நினைவகத்துக்குப் பாதரசக் குழாய்கள். 1951 நவம்பரில் அது வெதுப்பகத்தின் மதிப்பீட்டுக் கணக்கைப் போட்டது. அலுவலக வேலைக்கென்று உலகில் கணினி ஒழுங்காக ஓடியது அங்கேதான் முதலில்.

என் தொழிலில் உள்ளவர்கள் கவனிக்கவேண்டியது அவர்கள் வேலையை எடுத்த ஒழுங்கு. முதலில் வெதுப்பகம், சின்ன, எளிய கணக்கு. சம்பளம் பிந்தினால் ஆயிரக்கணக்கானோரின் வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அதை உடனே தொடவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் சம்பளக் கணக்கு இயந்திரத்துக்குப் போனது. ஓர் எழுத்தருக்கு ஒரு ஆளின் சம்பளம் போட எட்டு நிமிடம் எடுத்தது. லியோவுக்கு ஒன்றரை வினாடி.

1954இல் தேநீர்க்கடைகளின் நாளாந்தச் சாமான் கட்டளையை எடுத்தார்கள். கணினி வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு கடைப் பொறுப்பாளரும், பெரும்பாலும் பெண்கள், நாளைக்கு என்ன வேண்டும் என்று முழுப் பட்டியல் எழுதி அனுப்புவது வழக்கம். டேவிட் கமினர் தலைமையில் வேலைமுறையை ஆராய்ந்தவர்கள், கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் கடைக்கொரு வழக்கமான கட்டளையை இயந்திரத்தில் பதிந்துவைத்தார்கள். பொறுப்பாளரை ரெலிபோனில் கூப்பிட்டு, இன்றைக்கு வழக்கத்திலிருந்து என்ன மாற்றம் என்று மட்டும் கேட்டார்கள். கேட்பவர் கேட்டபடியே அட்டையில் துளையிட்டார். கடையை நடத்துபவரின் அறிவு அவரிடமே இருந்தது. அவருக்கு எழுத்து வேலை மட்டும் குறைந்தது. மாற்றத்தை மட்டும் கேள் என்ற இந்த யோசனை எந்த இயந்திரத்தின் வேகத்தையும்விடப் பெறுமதியானது. கடைக்குள் இருபது வருடம் எட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் அரசாங்கப் பொறியியற் கூட்டுத்தாபனத்துக்குக் கணினி வந்தது. புறக்கோட்டைக்கு அது வந்துசேர இன்னும் முப்பது வருடங்கள் ஆயின. வரவைத்தது வரி. 1998இல் பொருட்கள் சேவைகள் வரி, 2002 ஓகஸ்ட் 1 முதல் அதற்குப் பதிலாகப் பெறுமதிசேர் வரி. ஒவ்வொரு விலைச்சிட்டையிலும் வரி தனியாகத் தெரியவேண்டும், வாங்கியதில் கட்டிய வரியை விற்றதில் வாங்கிய வரியிலிருந்து கழித்துக் காட்டவேண்டும். அதே வருடம் ஏ9 பாதை திறந்ததும் வடக்குக் கடைகளின் கேள்வியும் ஒன்றாக வந்து விழுந்தது. நான் வேலை செய்த நிறுவனத்தில் கணக்குப் பகுதி இரவு பதினொரு மணிக்கும் மூடாத நிலை.

அங்கே அதற்கு முன்பே ஒரு மென்பொருள் வந்து படுத்திருந்தது. விற்க வந்தவர்கள் முதலாளியின் அறையில் படம் காட்டினார்கள், முதலாளிக்குப் பிடித்தது, பணம் கட்டினார். கணக்குப் பகுதியிலோ களஞ்சியத்திலோ ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. கணக்கப்பிள்ளை தன் பேரேட்டை விடவில்லை. இரண்டும் முரண்பட்டபோதெல்லாம் முதலாளியே பேரேட்டைத்தான் நம்பினார். சில மாதத்தில் அந்த இயந்திரத்தில் கடிதம் மட்டும் அடித்தார்கள்.

இரண்டாவது தடவை பொறுப்பு என்னிடம் வந்தபோது, வாங்குவதற்கு முன் கணக்கப்பிள்ளையின் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுத் தரச்சொன்னேன். அவர் புங்குடுதீவு ஆள், எனக்குத் தகப்பன் வயது. முதல் சில நாட்கள் என்னோடு அளவாகத்தான் பேசினார். பேரேட்டின் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இந்த நிலுவை புதுக்கணக்குக்கு வரேக்கை குறைஞ்சிருக்கு ஐயா, பங்காளியள் வெட்டினதோ?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஆற்றை மகள் பிள்ளை?" என்று கேட்டார். அப்பாவின் கடையைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவர் மறைத்தது எதுவும் இல்லை.

சிக்கல்கள் வந்த இடங்களை மென்பொருள்காரர் யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது. பெரிய வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்கலனில் வந்து இறங்கும்போது நிறுத்து வரவு வைக்கிறோம். விற்று முடிந்த பிறகு கூட்டிப் பார்த்தால் நிறை குறையும். கணினி தன் கணக்கில் மிச்சம் இருக்கிறது என்று காட்டும், களஞ்சியத்தில் ஒரு சாக்கும் இருக்காது. முதல் சோதனை ஓட்டத்திலேயே இது வந்தது. மென்பொருள்காரப் பெடியன் களஞ்சியக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தான். கணக்கப்பிள்ளை அவனிடம், "தம்பி, வெங்காயம் வத்தும். அழுகும். உந்த மெசினுக்கு அது தெரியுமோ?" என்று கேட்டார். பிறகு தன் இருப்புக் கொப்பியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வரத்துக்கும் எத்தனையாம் நாளில் எவ்வளவு வற்றியது, தெரிந்து கொட்டிய அழுகல் எவ்வளவு என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் வருடக் கணக்காக எழுதியிருந்தார். எந்தப் பருவத்து வெங்காயம் அதிகம் வற்றும் என்பதும் அதில் தெரிந்தது. அந்த ஓரக் குறிப்புகளை வைத்துத்தான் கழிவுச் சிட்டை என்று ஒன்றை மென்பொருளில் உண்டாக்கினோம். ஒவ்வொரு மாலையும் களஞ்சியக்காரர் வற்றலையும் அழுகலையும் எழுதிக் கையெழுத்து வைப்பார், கணக்கப்பிள்ளை தன் பழைய அளவோடு ஒப்பிட்டு ஒத்துக்கொள்வார், பிறகு பதியப்படும். வழக்கத்துக்கு மேல் போனால் மட்டும் என்னிடம் வரும். களஞ்சியக்காரர் அதற்குப் பிறகுதான் கணினியை எதிரியாகப் பார்ப்பதை விட்டார்.

செக் விவகாரமும் அப்படித்தான். புறக்கோட்டையில் மொத்தச் சாமானுக்கு முப்பது, நாற்பத்தைந்து, அறுபது நாள் தள்ளித் திகதியிட்ட செக் வாங்குவது சாதாரணம். வாங்கிய மென்பொருளில் செக் கைக்கு வந்ததும் கடன் தீர்ந்ததாகக் காட்டியது. அந்தச் சுத்தமான நிலுவையை நம்பி விற்பனை மேசை மேலும் சாமான் கொடுத்தால், செக் திரும்பும் நாளில் இரண்டு மடங்கு கடன் வெளியே நிற்கும். பேரேட்டில் அப்பா காலத்திலிருந்தே இதற்கு ஒரு வழி இருந்தது. செக் வந்தால் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பார்கள்; பாங்கில் பணம் விழுந்த நாளில்தான் வரவு வைப்பார்கள். அதே முறையில் கையில் உள்ள செக்குக்குத் தனிக் கணக்கு ஒன்றை அமைத்து, கடன் எல்லை பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பார்க்கும்படி மாற்றுவித்தேன். மென்பொருள்காரர் அதற்கு மேலதிகப் பணம் கேட்டார்கள். முதலாளியோடு வாதாடி வாங்கிக் கொடுத்தேன்.

பெயர்ப் பட்டியல் தயாரிப்பதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. ஒரே செத்தல் மிளகாய்க்குக் களஞ்சியத்தில் ஒரு பெயர், விற்பனை மேசையில் இன்னொன்று, இறக்குமதிப் பத்திரத்தில் வேறொன்று. வாடிக்கையாளர் இலக்கத்தைப் பேரேட்டின் ஒழுங்கிலேயே, ஊர் முதலில் வரும்படி கொடுத்தோம். திரையில் எல்லாம் ஆங்கிலம். ஆனால் ஊர் ஒழுங்கு பழகியதென்பதால் கணக்கப்பிள்ளைக்கு இலக்கங்கள் சீக்கிரம் மனப்பாடமாயின.

மாறும் நாளாகச் சித்திரைப் புதுக்கணக்கைத் தெரிந்தெடுத்தோம். அன்றைக்கு எப்படியும் சாமான் நிறுத்து, நிலுவை பார்த்து, வராக் கடனை வெட்டிப் பழைய கொப்பி மூடப்படும். கணினிக்குப் போகும் ஆரம்ப மீதிகள் முதலாளி முதல் எல்லோரும் ஒத்துக்கொண்ட மீதிகளாக இருந்தன. சித்திரை வியாபாரம் முடிந்து தெரு அமைதியாக இருக்கும் காலமும் அது. தீபாவளிக்கும் நத்தாருக்கும் முன்னால் கைவைக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு அமெரிக்காவில் ஹேர்ஷி சொக்லேற் கொம்பனியின் கதையும் ஒரு காரணம். 1999இல் நாலு வருட வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொல்லி, சொக்லேற் அதிகம் விற்கும் ஹலோவீன் பருவத்துக்குச் சற்று முன் யூலையில் புதிய மென்பொருளுக்கு மாறினார்கள். களஞ்சியத்தில் சாமான் இருந்தும் சுமார் 10 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகளை அனுப்ப முடியாமல் போனது. அவ்வளவு பெரிய கொம்பனிக்கே அந்தக் கதி.

பேரேடும் கணினியும் சில மாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. இரவில் சிட்டை வாசிக்கும் வழக்கத்தை நான் நிறுத்தவில்லை. கணினியிலிருந்து அச்சடித்த நாள் விற்பனையை ஒருவர் வாசிக்க, கணக்கப்பிள்ளை பேரேட்டில் கோடு இழுத்தார். பிழை இரண்டு பக்கத்திலும் வந்தது. பேரேட்டில் வந்த பிழையைக் கணினி காட்டிய நாட்களில் அவர் கோபப்படவில்லை, உன்னிப்பாகப் பார்த்தார். ஒரு முழு மாதம் சதத்துக்குச் சதம் ஒத்து வந்த பிறகு, பேரேட்டை மூடும் தீர்மானத்தை அவரிடமே விட்டோம். அவர் கையெழுத்து வைத்து மூடினார். அதன் பிறகும் அவருடைய இலக்கத்தைப் போடாமல் கணினியில் நாளை மூட முடியாது. வாசிக்கிறவன் எழுதக்கூடாது, எழுதுகிறவர் காசு தொடக்கூடாது என்ற பழைய ஒழுங்கின்படியே யாருக்கு எந்தத் திரை என்று பிரித்தோம்.

இன்னொன்றிலும் நான் இளகவில்லை. இரவில் எடுக்கும் பிரதியை மென்பொருள்காரர் இயந்திரம் நிற்கும் அறையிலேயே, இரும்பு அலுமாரியில் வைக்கச் சொன்னார்கள். நல்ல அலுமாரி, பூட்டும் நல்ல பூட்டு. பிரதி அன்றன்றைக்கே கட்டடத்தை விட்டு வெளியே போகவேண்டும் என்றேன். மாதக் கடைசி வரை காத்திருக்கக்கூடாது என்றும் சொன்னேன். யூன் மாதக் கடிதத்தோடு நின்ற கணக்கையும், எங்கும் எழுதப்படாமல் எரிந்துபோன யூலை நிலுவையையும் கேட்டபிறகு அந்தப் பெடியனும் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போது இந்த மென்பொருட்களை எழுதுபவர்களே எங்கள் பக்கத்து ஆட்கள். 1986இல் பெங்களூரில் தொடங்கிய டலி சின்னக் கடைகள் வரைக்கும் போயிருக்கிறது. சுவீடனின் ஐ.எப்.எஸ். 1997 முதல் கொழும்பில் தன் மென்பொருளைத் தயாரிக்கிறது. ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ 2011இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. யாழ்ப்பாணத்திலும் கடைகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் இளையவர்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் நான் கேட்பது, கடைக்காரர் கொப்பியின் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தீர்களா என்பதுதான். பலர் கொப்பியையே கேட்டு வாங்கியதில்லை.

கொப்பிகளும் அருகிவிட்டன. 1913இல் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள் உலக நூலகங்களில் சிதறிக் கிடந்த தமிழாய்வு நூல்களைத் தேடிப் பட்டியலிட்டவர். அவருடைய ஊரார் நூறு வருடம் நடத்திய கடைகளின் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் கிடையாது. எரிந்தவை போக, இடப்பெயர்வில் தொலைந்தவை போக, கொஞ்சமாவது தப்பியிருக்கும். கொழும்பில் பழைய அலுமாரியில், ரொறன்ரோவிலும் லண்டனிலும் யாராவது பேரப்பிள்ளையின் பெட்டியில். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்றவர்களுக்கு அவற்றைக் காட்டலாம். வாடிக்கையாளரின் பெயர் வெளியே போகக்கூடாது என்ற தயக்கம் நியாயமானது. பெயரை மறைத்துக் கொடுக்கலாம். ஊர், சாமான், அளவு, விலை, தவணை, நிலுவை தெரிந்தால் போதும். முழு ஏட்டையும் படம் பிடிக்க முடியாதவர்கள் சித்திரைப் புதுக்கணக்குப் பக்கத்தையும், சாமான் நிறுவைப் பட்டியலையும், ஓரக் குறிப்பு உள்ள பக்கங்களையும் முதலில் எடுங்கள். எழுதிய கணக்கப்பிள்ளை எந்த ஊர், கடை எந்தத் தெரு என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள். அந்த எழுத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என்னைப்போல் இன்னும் சிலர் இருக்கிறோம். நாங்கள் இருக்கும்போதே கொண்டுவாருங்கள்.